ரிங்கோவின் டிரம் செட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

"சார்.. நீங்க காலேஜ்ல டிரம்ஸ் வாசிப்பீங்களாமே? என் பையனுக்கு ஒரு யோசனை சொல்லுங்களேன்"

சென்ற வாரம் இரவுப் பணியின்போது வார்டு சிஸ்டர் ஒருவர் கேட்டார்.

மகனுக்கு 23 வயது. வேலைக்குப் போகிறார். ஞாயிறு சர்ச்சிலும், மற்ற நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் டிரம்ஸ் வாசிக்கிறார். இத்தனை நாளும் அடுத்தவர் செட்டில் வாசித்தவருக்கு இப்போது சொந்தமாக ஒன்று வேண்டும். அதுவும் சாதாரண செட் இல்லை. வெளிநாட்டு டிரம்மர் ஒருவரின் கையெழுத்தோடு வரும் உயர்ரக செட்.

விலை பல லட்சம். தம்பியின் சேமிப்பு பாதிக்குக்கூட வரவில்லை. மீதிக்கு சிஸ்டர் தன் ஜிபிஎஃப்பில் லோன் போடலாமா என்று யோசித்துக் கொண்டிருக்கிறார்.

"அவ்ளோ காசு போட்டா சவுண்டு நல்லா வருமா சார்?"

நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

பிபி பார்த்துக் கொண்டே நான் சொன்னது ஒரு கதை. அங்கே பாதியில் கேஸ் வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். சிஸ்டரும் படிப்பார், தம்பியும் படிப்பார், டிரம்ஸ் ஆசை இருக்கும் நீங்களும் படிக்கலாம்.

வாங்க.. முதலில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குப் போவோம்.

1947-ஆம் ஆண்டு. ரிச்சர்ட் ஸ்டார்கி என்றொரு சிறுவன். ஏழாவது பிறந்தநாள் வரப்போகிறது. கடுமையான வயிற்று வலி. குடல்வால் வெடித்து வயிறு முழுக்கக் கிருமித் தொற்று பரவிவிட்டது. எங்கள் மொழியில் பெரிட்டோனைட்டிஸ். இன்றைக்கும் எங்களை ஓட வைக்கும் எமர்ஜென்சி அது.

பையன் நினைவிழந்து பல நாட்கள் கிடந்தான். பிழைத்தான். ஆனால் ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரி வாசம். பள்ளிக்குத் திரும்பியபோது சரியாகப் படிக்கக்கூட வரவில்லை. கூடப் படித்தவர்கள் எங்கோ போய்விட்டார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை.

13 வயதில் மீண்டும் படுக்கை. முதலில் நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி. பிறகு காசநோய் என்று தெரிகிறது. லிவர்பூலுக்கு அருகே ஹெஸ்வால் என்ற ஊரில் இருந்த குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

அங்கே எவ்வளவு காலம் இருந்தான் தெரியுமா? சுமார் இரண்டு வருடம்!

இந்த இடத்தில் ஒரு சின்ன இடைச்செருகல். டாக்டர் கதை சொன்னால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், பொறுத்துக் கொள்ளுங்கள்.

அன்றைக்குக் காசநோய் என்றாலே சானடோரியத்தில் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படுக்க வைப்பதுதான் வழக்கம். ஓய்வு, நல்ல காற்று, சத்தான உணவு. மருந்துகள் அப்போதுதான் வந்து கொண்டிருந்தன. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். ஐசோநியாசிட் புழக்கத்துக்கு வந்தது 1952-ல்.

"இவ்வளவு காலம் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கத்தான் வேண்டுமா?" என்ற கேள்விக்கு விடை சொன்ன முக்கியமான ஆய்வு எங்கே நடந்தது தெரியுமா?

நம்ம மெட்ராஸில்!

1956-ல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் சிகிச்சை மையத்தில், ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலிருந்தபடியே மாத்திரை, இன்னொரு பகுதிக்கு சானடோரியத்தில் சேர்த்து அதே மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை. முறையாக மாத்திரை சாப்பிட்டால் வீட்டிலேயே குணமாகலாம். உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக ஆரம்பித்ததில் நம் ஊர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு சாதாரண நுரையீரல் காசநோய்க்கு 6 மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம்.

ஆனால் லிவர்பூல் பையனுக்கு நோய் வந்தது அதற்கு முன்பே. அதனால் அவன் படுத்தே கிடந்தான்.

படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளுக்கு ஏற்படும் சலிப்பு இருக்கிறதே.. எங்கள் எலும்பு முறிவு வார்டில் காலை உயர்த்திக் கட்டிப் போட்டிருக்கும் சிறுவர்களிடம் தினமும் பார்க்கிறேன். வலியைக்கூடத் தாங்கிக் கொள்வார்கள், அந்தச் சலிப்பைத் தாங்க மாட்டார்கள்.

ஹெஸ்வால் மருத்துவமனையில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பிள்ளைகளை வைத்தே ஒரு இசைக்குழு! கையும் அசையும், மனதும் லேசாகும். நம் பையனின் கைக்குக் கிடைத்தது, நூல் சுற்றும் கட்டையில் செய்த ஒரு சிறு கொட்டுக் கட்டை. கட்டில் பக்கத்தில் இருக்கும் அலமாரியை அதனால் தட்ட ஆரம்பித்தான்.

தட்டினான்.. தட்டினான்.. அதற்குப் பிறகு வேறு எந்த வாத்தியத்தின் மேலும் அவனுக்கு ஆசை வரவில்லை.

அந்தப் பையனைத்தான் உலகம் பின்னாளில் ரிங்கோ ஸ்டார் என்று அழைத்தது. ஆம், பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர்.

அவருடைய முதல் டிரம் செட் எப்படி இருந்தது?

1957 கிறிஸ்துமஸுக்கு அவர் அம்மாவின் இரண்டாவது கணவர் வாங்கிக் கொடுத்தது. பழைய சாமான். ஒரு ஸ்னேர், ஒரு பேஸ் டிரம், குப்பைத் தொட்டி மூடியில் செய்த சிம்பல். அவ்வளவுதான். ஐந்தே வருடத்தில், 1962 ஆகஸ்டில், பீட்டில்ஸில் சேர்ந்துவிட்டார்.

சரி.. இப்போது டிரம் செட் என்ற பொருளின் கதைக்கு வருவோம். அது தெரிந்தால்தான் ரிங்கோ அடுத்து செய்த காரியம் புரியும்.

19-ஆம் நூற்றாண்டு வரை "டிரம் செட்" என்று ஒன்று கிடையாது. ராணுவ பேண்டில் ஒருவர் பெரிய பேஸ் டிரம் அடிப்பார், ஒருவர் ஸ்னேர், ஒருவர் சிம்பல். நம்ம ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் பார்ப்பது போலத்தான்.

நாடக அரங்கிலும் ஹோட்டலிலும் இத்தனை பேருக்கு இடமும் இல்லை, சம்பளம் கொடுக்க மனசும் இல்லை. எனவே ஒரே ஆள் பேஸ் டிரம்மையும் ஸ்னேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு கைகளாலேயே மாற்றி மாற்றி அடித்தார். காலால் அடிக்க சில பெடல்கள் இருந்தன. ஆனால் மந்தமானவை. வேகப் பாட்டு வந்தால் கால் செத்துவிடும்.

சிகாகோவில் வில்லியம் லட்விக் என்றொரு டிரம்மர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா வந்த குடும்பம். ராக்டைம் பாட்டின் வேகத்துக்கு அவர் கால் ஈடுகொடுக்கவில்லை. கடையில் கிடைத்த பெடல் சரிப்படாததால் தானே மரத்தில் ஒன்று செய்து கொண்டார். பார்த்த மற்ற டிரம்மர்கள் "எனக்கும் ஒன்று" என்றார்கள். 1909-ல் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்.

அதாவது ஒருவரின் கால் வலியிலிருந்து பிறந்ததுதான் இன்றைய டிரம் செட்!

(தம்பி தியோபால்டு 1918-ல் உலகையே உலுக்கிய ஃப்ளூ கொள்ளைநோயில் இறந்து போனார். எந்த வரலாற்றைத் தோண்டினாலும் ஒரு கொள்ளைநோய் வந்து நிற்கிறது.)

அடுத்து 1930-கள். ஜீன் க்ரூபா என்ற ஜாஸ் டிரம்மர். அதுவரை டாம் டிரம் என்பது சீனாவிலிருந்து வந்த, தோலை ஆணியால் அடித்த சாமான். சுருதி கூட்டவோ குறைக்கவோ முடியாது. க்ரூபாவுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியிடம் "மேலும் கீழும் இரண்டு பக்கமும் முறுக்கிச் சுருதி சேர்க்கிற மாதிரி வேண்டும்" என்று கேட்டு வாங்கினார். இன்று நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு டாமும் அப்படித்தான் இருக்கிறது.

பிறகு 1957-ஐ ஒட்டி ஒரு மாற்றம். அதுவரை கன்றுத் தோல்தான். மழை நாளில் தொய்யும், வெயிலில் விறைக்கும். பறை வாசிப்பவர்கள் நெருப்பில் காய்ச்சி வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே பிரச்சனைதான். ரெமோ பெல்லி போன்றவர்கள் மைலார் என்ற பிளாஸ்டிக் படலத்தில் டிரம் முகப்பு செய்து விற்க ஆரம்பித்தார்கள். பருவநிலைக் கவலை போயிற்று.

இந்த மூன்று மாற்றங்களையும் பாருங்கள். வாசிப்பவரின் காலுக்கும் காதுக்கும் ஒத்துவராததைத்தான் கம்பெனி மாற்றியது.

ரிங்கோவிடம் அது தலைகீழானது.

1963 வசந்தகாலம். லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் டிரம் சிட்டி என்று ஒரு கடை. முதலாளி ஐவர் ஆர்பிட்டர். பீட்டில்ஸ் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனோடு ரிங்கோ உள்ளே வருகிறார். கையில் இருந்த பழைய பிரீமியர் செட்டை மாற்ற வேண்டும்.

மேசை மேல் ஒரு நிறமாதிரித் துண்டு கிடக்கிறது. கருப்பும் வெள்ளையும் சாம்பலும் கலந்து, சிப்பியின் உட்புறம் போல் மினுமினுக்கும் பிளாஸ்டிக் உறை.

"இந்தக் கலர்ல வேணும்"

அந்தக் கலர் லட்விக் கம்பெனியுடையது. அதனால் லட்விக் வாங்கினார். முதலாளி பின்னாளில் சொன்ன கதை இதுதான்!

தட்டிப் பார்த்தாரா? மரம் என்னவென்று கேட்டாரா? பத்து கம்பெனியை ஒப்பிட்டாரா? இந்தக் கதையில் அதெல்லாம் இல்லை. கலர் பிடித்தது, வாங்கினார்.

இதைப் படிக்கும் தம்பிக்கு இப்போது சிரிப்பு வந்திருக்கும். "பார்த்தீங்களா, அவரே அப்படித்தான்" என்று அம்மாவிடம் காட்டலாம். கொஞ்சம் பொறுங்கள்.

அந்த செட் சின்னது. பேஸ் டிரம் 20 அங்குலம்தான். ஒரு டாம் 12 அங்குலம், தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் 14. மொத்தம் நான்கே டிரம். ரிங்கோவும் உயரமான ஆள் இல்லை. சின்ன செட்டுக்குப் பின்னால் அவர் முகம் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது.

1964 பிப்ரவரி 9. அமெரிக்காவில் எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சி. அதே நிறத்தில் இன்னொரு லட்விக் செட்டோடு ரிங்கோ. பேஸ் டிரம்மின் முகப்பில் பீட்டில்ஸ் பெயர், அதற்கு மேலே லட்விக் பெயர். பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடிப் பேர்.

மறுநாளிலிருந்து அமெரிக்கச் சிறுவர்களுக்கெல்லாம் லட்விக் வேண்டும். சிகாகோ தொழிற்சாலை இரவும் பகலும் ஓடியது. அதே வருடம் ரிங்கோ சிகாகோ வந்தபோது கம்பெனிக்காரர்கள் அவருக்குத் தங்க முலாம் பூசிய ஸ்னேர் ஒன்றைப் பரிசளித்தார்கள். தராமல் இருப்பார்களா?

அந்தச் சிறுவர்கள் ஆசைப்பட்டு வாங்கினார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு ரிங்கோ சத்தம் வந்திருக்கும்?

ஏன் வந்திருக்காது என்பதற்குக் காரணம் கடையில் விற்பதில்லை. அது ரிங்கோவின் பீச்சாங்கையில் இருந்தது!

ஆம். ரிங்கோ பிறவியில் இடது கைப் பழக்கம் உள்ளவர். இடது கை என்றால் ஏதோ தீய சக்தி என்று நினைத்த பாட்டி, அவரை வலது கையால் எழுதப் பழக்கினார். (பாட்டிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.) ஆனால் டிரம்மில் கை தன் இயல்புக்குத் திரும்பிவிடும் அல்லவா?

அவர் வாசித்தது வலது கைக்காரர்களுக்காக அடுக்கிய செட்டில். அதில் சின்ன டாம் இடப்பக்கம், பெரிய டாம் வலப்பக்கம். வலது கைக்காரர் வலது கையை முன்னே விட்டு இடமிருந்து வலமாக மடமடவென்று உருட்டிக் கொண்டு போவார். இடது கையை முன்னே விடும் ரிங்கோவுக்குக் கைகள் குறுக்கே மாட்டிக் கொள்ளும். அதனால் ஒரு நொடியில் சிறு பங்கு தாமதம், ஒரு விசித்திரமான நொண்டல், எதிர்பாராத இடத்தில் ஓர் அடி. நல்ல டிரம்மர்களே அதை அப்படியே திருப்பி வாசிக்கத் தடுமாறுவார்கள்.

அந்தத் தடுமாற்றம்தான் அவர் பாணி.

சத்தத்துக்கும் அவர் விலையை நம்பவில்லை. பின்னாளைய பதிவுகளில் அந்த உயர்ரக டிரம்களின் மேல் தேநீர்த் துண்டைப் போட்டு மூடி வாசித்தார்! அடுப்படியில் பாத்திரம் துடைக்கும் துணி. "தொம்" என்று அமுங்கிய அந்த ஒலிதான் அவருக்கு வேண்டியிருந்தது. பிறகு மேப்பிள் மரத்தில் செய்த லட்விக் செட்டுக்கு மாறியபோது, பிளாஸ்டிக் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியும், கன்றுத் தோல் போட்டு வாசித்தார். 1969-ல் வந்த ஆபி ரோட் ஆல்பத்தில் டாம்கள் அப்படி முழங்குவது அதனால்தான்.

1963-ல் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கியவர், ஆறு வருடத்தில் காதுக்குப் பிடித்ததைத் தேட ஆரம்பித்துவிட்டார் பாருங்கள்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹாம். அவரும் லட்விக்தான். ஆனால் பேஸ் டிரம் 26 அங்குலம்! அவர்களின் நான்காவது ஆல்பம் 1971-ல் வந்தது. அதன் கடைசிப் பாட்டுக்கு ஒரு பழைய பங்களாவின் படிக்கட்டுக் கூடத்தில் செட்டைப் போட்டு, மேலே மாடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். கோயில் மண்டபத்தில் தவில் கேட்டிருப்பீர்கள், அந்த மாதிரி ஒரு முழக்கம். அந்தச் சத்தத்துக்காக இன்றும் ஆட்கள் 26 அங்குலம் வாங்குகிறார்கள். படிக்கட்டை யாரும் வாங்குவதில்லை.

இன்னொருவர் ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ். கடைசி வரை ஜாஸ் ரசிகர். பல்லாயிரம் பேர் கூடும் மைதானத்தில், கேட்டால் லாரி லாரியாக டிரம் இறக்கித் தரும் வசதியிருந்தும், 1950-களில் செய்யப்பட்ட பழைய க்ரெட்ச் செட் ஒன்றையே வைத்திருந்தார். நான்கே டிரம். 2021-ல் 80 வயதில் மறைந்தார். எனக்கு அவரைத்தான் அதிகம் பிடிக்கும். சிஸ்டரின் மகன் ஒத்துக் கொள்ள மாட்டார், பரவாயில்லை.

ரிங்கோவைப் போலவே ஆஸ்பத்திரிக் கட்டிலில் தட்டிய இன்னொருவரும் உண்டு.

டெஃப் லெப்பர்ட் குழுவின் ரிக் ஆலன். 1984 டிசம்பர் 31. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு அருகே கார் விபத்து. இடது கை துண்டாகிவிட்டது. மருத்துவர்கள் அதை மீண்டும் இணைத்தார்கள். ஆனால் தொற்று வந்துவிட்டது. உயிரைக் காக்க கையை எடுக்க வேண்டியதாயிற்று. வயது 21.

டிரம்மருக்குக் கை போனால்?

படுத்தபடியே கால்மாட்டில் இருந்த ஃபோம் மீது கால்களால் தாளம் தட்டிப் பார்த்தார். இடது கை செய்த வேலையை இடது காலுக்குக் கற்றுக் கொடுக்க முடியும் என்று தெரிந்தது. சிம்மன்ஸ் என்ற எலக்ட்ரானிக் டிரம் கம்பெனி அவருக்கென்றே ஒரு செட் செய்து கொடுத்தது. இடது காலுக்கு வரிசையாகப் பெடல்கள். ஒன்றை மிதித்தால் ஸ்னேர், ஒன்றை மிதித்தால் டாம்.

1986 ஆகஸ்டில் டானிங்டன் திடலில் பெரும் கூட்டத்தின் முன் வாசித்தார். 1987-ல் அந்தக் குழுவின் ஹிஸ்டீரியா ஆல்பம் வந்து கோடிக்கணக்கில் விற்றது.

கை இழந்த நோயாளிகளிடம் இவரைப் பற்றிச் சொல்வேன். எல்லோருக்கும் பிடித்துவிடாது. சிலர் பெயரை எழுதி வாங்கிப் போவார்கள்.

சரி சிஸ்டர், உங்கள் கேள்விக்கு வருகிறேன். காசு போட்டால் சவுண்டு வருமா?

ஓரளவுக்கு வரும். மரம் முக்கியம்தான். மேப்பிள் கொஞ்சம் கதகதப்பாக, கீழ் ஒலி நன்றாக வரும். பர்ச் மரம் சுருக்கென்று தெறிக்கும். பதிவு அரங்கில் அது எடுபடும், அமெரிக்க டிரம்மர் ஸ்டீவ் காட் 1970-களிலிருந்து வாசித்த யமஹா பர்ச் செட் அப்படிப் பேர் வாங்கியதுதான். டிடபிள்யூ கம்பெனியில் ஒவ்வொரு டிரம் கூட்டையும் தட்டிப் பார்த்து, அது எந்த ஸ்வரத்தில் பேசுகிறதோ அதை உள்ளேயே குறித்து, ஒன்றோடொன்று ஒத்துப் போகிறவற்றைச் சேர்த்து ஒரு செட்டாக்குகிறார்கள். காசு அங்கேயும் போகிறது.

ஆனால் முகப்புத் தோலை மாற்றினாலே பாதிச் சத்தம் மாறிவிடும். சுருதி சேர்க்கத் தெரியாவிட்டால் எந்த விலையும் உதவாது. உங்கள் சர்ச் மேடையில் 26 அங்குல பேஸ் டிரம்மை வைத்தால் பாடுகிறவர் குரல் கேட்காது.

எனவே தம்பி, கடைக்குப் போகும்போது உங்கள் குச்சியையே எடுத்துப் போங்கள். உட்காரும் உயரத்தை உங்கள் முழங்காலுக்குச் சரி செய்துவிட்டு உட்காருங்கள். பிறகு கண்ணை மூடிக் கொண்டு, நண்பர் ஒருவரை மூன்று செட்டையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். யார் கையெழுத்து இருக்கிறது என்று கண் திறந்தபின் பார்த்துக் கொள்ளலாம். நீங்கள் கேட்கும் கையெழுத்து செட்டின் அளவுகள் அந்த வெளிநாட்டுக்காரரின் கை நீளத்துக்கும் அவர் மேடைக்கும் போட்டவை.

அதன்பிறகும் அதே செட்தான் காதுக்குப் பிடிக்கிறதா? வாங்குங்கள். உங்கள் காசில். அம்மாவின் ஜிபிஎஃப்பில் வேண்டாம், இரண்டு வருடம் சேர்த்து வாங்குங்கள்.

ஒரு டாக்டராக இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளில் 8 மணி நேரம் கேட்கலாம் என்பது வேலையிடங்களுக்கான கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி.. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். மூடிய அறையில் டிரம் செட் 100-ஐ சர்வசாதாரணமாகத் தாண்டும்.

உள்காதில் ஒலியை உணரும் முடி செல்கள் ஒரு காதுக்கு சுமார் 15,000. பிறக்கும்போது கொடுத்த ஸ்டாக் அவ்வளவுதான். போனால் முளைக்காது. மெட்டாலிகா குழுவின் லார்ஸ் உல்ரிக் காதில் ஓயாமல் கேட்கும் இரைச்சலைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் காதில் "ஙொய்" என்கிறதா? அதை சாதாரணமாக விடாதீர்கள். காது மூக்கு தொண்டை ஓபிக்கு வாருங்கள்.

கடைசியாக, அந்த சிப்பி நிற செட் என்ன ஆனது?

ரிங்கோ அதை 1963 மே முதல் 1964 பிப்ரவரி வரை 200-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அடித்து நொறுக்கினார். பிறகு பத்திரமாக வைத்திருந்தார். 2015 டிசம்பரில் ஏலம் விட்டார். 21 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜிம் இர்சே வாங்கினார்.

சிஸ்டர் மகன் நேற்று வாட்ஸப்பில் பேசினார். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்து கடைக்குப் போகிறாராம், துணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். அன்று எனக்கு டூட்டி. ஒரு ஜோடி இயர் பிளக் வாங்கி சிஸ்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

"அப்புறம் சார்.. நானும் லெஃப்ட் ஹேண்டுதான்" என்று கடைசியில் ஒரு மெசேஜ்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி!